பாக்கி எவ்வளவு?



சென்ற வாரம் மாலை நடையின்போது கடற்கரைச் சாலையில் நம் பென்ஷன்தாரர் நண்பர்கள் இருவர் பலத்த வாக்குவாதத்தில் இருந்தார்கள். 'பொன்னியின் செல்வன்' படத்தில் வரும் நந்தினி நிஜமாகவே இருந்தவளா என்பதுதான் விஷயம். நான் பழைய ஃபைல்களோடு காலம் தள்ளியவன் என்பதால் என்னைப் பஞ்சாயத்துக்கு இழுத்தார்கள். காட்டுமன்னார்கோயில் பக்கத்து உடையார்குடிக் கல்வெட்டில் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோர் பெயர் இருக்கிறது. அவர்களுடைய சொந்தபந்தங்களின் நிலத்தைப் பறிமுதல் செய்து விற்ற விவரமும் இருக்கிறது. நந்தினி மட்டும் கல்கியின் பேனாவிலிருந்து வந்தவள். இதைச் சொன்னதும் இருவரும் ஒன்று சேர்ந்துகொண்டு என் மீது பாய்ந்தார்கள். "உமக்கு சினிமா பார்க்கத் தெரியாது ஓய்" என்று தீர்ப்பும் ஆகிவிட்டது.

உண்மைதான். நான் வருஷத்துக்கு நாலு படம் பார்த்தால் அதிகம். டெக்னிக் எல்லாம் எனக்குத் தெரியாது. ஆனால் சரித்திரப் படம் என்றால் மட்டும் ஒரு நெருடல் உண்டு. அதற்குக் காரணம் ஒரு பழைய கணக்கு. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இந்த வயதில் மறைத்து என்ன ஆகப்போகிறது, எழுதிவிடுகிறேன்.

நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளி. பிரெவே வரை எல்லாப் பாடமும் பிரெஞ்சில்தான். தமிழ் வாரத்துக்குச் சில மணி நேரம், அதுவும் கடைசிப் பீரியடில். சரித்திர வகுப்பில் கோல் தேசத்து வீரன் வெர்சிங்கெதோரிக்ஸ் சீசரிடம் சரணடைந்தது, ழான் தார்க்கை உயிரோடு கொளுத்தியது எல்லாம் மனப்பாடம். வீராம்பட்டினத்தில் மீன் பிடிப்பவர் மகனும் முத்தியால்பேட்டையில் தறி நெய்பவர் மகனும் எழுந்து நின்று பதினாலாம் லூயியின் யுத்தங்களை ஒப்பிப்பார்கள். இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று அதுதான் சரித்திரம்.

அப்பா பிரெஞ்சு சர்க்கார் ஆபீசில் கொம்மி, அதாவது குமாஸ்தா. 1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் கைமாறிய பிறகும் அதே நாற்காலி, அதே மேஜை. மேலே இருந்த கொடிதான் மாறியது. சட்டப்படியான மாற்றம் நடந்தது 1962 ஆகஸ்ட் 16-ல். அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள், பிரெஞ்சுப் பிரஜையாக இருந்தவர்கள் விரும்பினால் பிரெஞ்சுக் குடியுரிமையையே வைத்துக்கொள்வதாக எழுதிக் கொடுக்கலாம். 'ஒப்சியோன்' என்பார்கள். அந்த ஆறு மாதமும் ஊரில் பல வீடுகளில் இரவில் விளக்கு அணையவில்லை. கையெழுத்துப் போட்டால் பிள்ளைகளுக்கு பிரான்ஸ், பென்ஷன், பட்டாளத்தில் இடம். போடாவிட்டால் இங்கே இருப்பது. அண்ணன் போட்டான், தம்பி போடவில்லை என்று எத்தனையோ குடும்பங்கள். எங்கள் குடும்பமும் அதில் ஒன்று.

சீனப் போர் நடந்த நேரம் அது. எங்கள் தெருமுனைக் கொட்டகையில் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தை மறுபடியும் போட்டார்கள். பந்துலு எடுத்த படம், முதலில் வந்தது 1959-ல். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அப்பாவுக்கு சினிமா பிடிக்காது, எப்படியோ அழைத்துப் போனார். பெஞ்சு டிக்கெட். ஜெமினி காளை அடக்கியதும் பத்மினி அழுததும் லேசாக நினைவிருக்கிறது. ஆனால் சிவாஜி அந்த வெள்ளைக்காரக் கலெக்டரிடம் வரி பற்றிப் பேசுகிற இடம் வந்ததே, கொட்டகையின் தகரக் கூரை பறந்துவிடும் போல இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இதுதானே என் பாஷை, இத்தனை நாள் எங்கே இருந்தது என்று தோன்றியது. நான் ஒழுங்காகத் தமிழ் கற்றுக்கொண்டது அன்று தொடங்கித்தான். சக்தி கிருஷ்ணசாமி எழுதிய அந்த வசனத்தை முழுசாகப் பாடம் செய்து, கண்ணாடி முன் நின்று பேசிப் பேசித்தான் எனக்கு 'ழ' வந்தது.

வெளியே வரும்போது அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அது சரிடா, பாக்கி எவ்வளவு?"

எனக்குப் புரியவில்லை. "வரி பாக்கி எவ்வளவுன்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்லையே" என்றார். பிறகு தனக்குத் தானே பேசுவது போல, "பிரெஞ்சில கதைக்கும் சரித்திரத்துக்கும் ஒரே வார்த்தை, இஸ்த்துவார். தமிழ்ல ரெண்டு வார்த்தை இருக்கு. இவங்க ரெண்டையும் ஒண்ணாக்கிட்டாங்க" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. வழியெல்லாம் பேசாமல் வந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வந்தார். சைகோனில் பட்டாளத்தில் இருந்தவர், சொல்தா. ஒப்சியோனுக்குக் கையெழுத்துப் போட்டாகிவிட்டது, நீயும் போடு என்று அப்பாவிடம் சொல்ல வந்திருந்தார். சித்தப்பா, அத்தை, அத்தை மாமியார் எல்லாரும் கூடத்தில் இருந்தார்கள். அப்பா பதில் சொல்லாமல் வெற்றிலையைத் தடவிக்கொண்டிருந்தார். அவர் சம்மதித்துவிடப் போகிறார் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். கட்டபொம்மன் வேறு தலைக்குள் உட்கார்ந்திருந்தானே! எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, "அப்பா எப்பவும் வெள்ளைக்காரன் பக்கம்தான். அப்பாதான் எட்டப்பன்" என்று சொல்லிவிட்டேன்.

அம்மா கை ஓங்கிக்கொண்டு வந்தாள். அப்பா தடுத்தார். அடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. எழுந்து போய்க் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டார்.

அவர் கையெழுத்துப் போடவில்லை. 1963 பிப்ரவரியில் கெடு முடிந்தது. பெரியப்பா குடும்பம் பிரான்சுக்குப் போனது, நாங்கள் இங்கேயே இருந்தோம். என் பேச்சால்தான் அப்பா போடவில்லை என்று கொஞ்ச காலம் பெருமையாகக்கூட நினைத்திருந்தேன். அப்படி இருக்காது. காரணத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் என்னோடு ஒரு படத்துக்கும் வந்ததில்லை.

காலம் ஓடியது. நானும் குமாஸ்தா ஆனேன். மறுபடியும் நாங்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தது 1990-ல், அதுவும் டெலிவிஷனில். தூர்தர்ஷனில் சஞ்சய் கான் எடுத்த 'தி சோர்ட் ஆஃப் திப்பு சுல்தான்'. அந்தத் தொடருக்காக மைசூரில் படப்பிடிப்பு நடந்தபோது 1989-ல் தீ விபத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தது உங்களுக்கு நினைவிருக்கும். சரித்திரத்தைத் திரித்துவிட்டார்கள் என்று வழக்கும் கூச்சலும் எழுந்ததால், இது பகவான் கித்வானியின் நாவலைத் தழுவிய கற்பனைக் கதை என்று அறிவிப்புப் போட்டுத்தான் காட்ட வேண்டியிருந்தது. எங்கள் சாலிடேர் பெட்டியில் அந்த அறிவிப்பு ஓடும்போது எழுபத்தைந்து வயது அப்பா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "பார்த்தியா, இவன் யோக்கியன். கதைன்னு சொல்லிட்டுக் கதை சொல்றான்" என்றார். இந்தி இருவருக்கும் புரியாது. திப்புவின் பிரெஞ்சுச் சிநேகிதம் வந்தால் மட்டும் நிமிர்ந்து உட்காருவார். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 1797-ல் பிரெஞ்சுக்காரர்கள் ஜாக்கோபின் சங்கம் வைத்து, சுதந்திர மரம் நட்ட கதையை அவர்தான் எனக்குச் சொன்னார். அந்த எட்டப்பன் விஷயத்தைப் பேச அப்போது வாய்ப்பு இருந்தது. நான் பேசவில்லை. நாலு வருஷத்தில் அவர் போய்ச் சேர்ந்தார்.

ஓய்வு பெற்ற பிறகு ரோமேன் ரோலந்து நூலகத்தில் பொழுது போக்குவது வழக்கமானது. அங்கேதான் ஒரு நாள் கட்டபொம்மன் சரித்திரத்தை முறையாகப் படித்தேன். 1798-ல் கலெக்டர் ஜாக்சன் அவரை ராமநாதபுரத்துக்கு வரச் சொல்கிறான். ஆனால் ஜாக்சன் சுற்றுப்பயணத்தில் இருக்கிறான். குற்றாலம், சொக்கம்பட்டி, சேத்தூர், சிவகிரி என்று அவன் போகும் இடமெல்லாம் பின்னாலேயே இவர் போகிறார், பேட்டி கிடைக்கவில்லை. இருபத்துமூன்று நாள், சுமார் 400 மைல். கடைசியில் செப்டம்பரில் ராமநாதபுரத்தில் பேட்டி. மூன்று மணி நேரம் நிற்க வைத்தே பேசினானாம். முப்பத்தைந்து வருஷம் மேலதிகாரி மேஜை முன் நின்றவனுக்குத்தான் அந்த மூன்று மணி நேரம் என்னவென்று தெரியும்.

அதற்கு அடுத்த வரியில் கண் நின்றுவிட்டது. கணக்குகளைச் சரிபார்த்தபோது பெரும்பகுதி வரி கட்டப்பட்டிருந்தது. மீதி 1080 பகோடா.

புத்தகத்தை மூடிவிட்டு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். அப்பா கேட்ட கேள்விக்கு விடை. நாற்பது வருஷத்துக்கும் மேல் தாமதம்.

மேலே நடந்ததும் படத்தைவிடச் சுவாரசியம் என்பேன். அந்தப் பேட்டி கைகலப்பில் முடிந்து, லெப்டினன்ட் கிளார்க் என்பவன் கொல்லப்படுகிறான். அமைச்சர் சிவசுப்பிரமணிய பிள்ளை பிடிபடுகிறார். தப்பி வந்த கட்டபொம்மன் உடனே கத்தியை எடுக்கவில்லை. சென்னைக்கு மனுப் போட்டார்! கவர்னர் எட்வர்ட் கிளைவ் விசாரணைக் குழு வைத்தார். குழு கட்டபொம்மன் மேல் குற்றமில்லை என்றது, பிள்ளை விடுதலையானார், ஜாக்சனுக்கு வேலை போனது. ஒரு பாளையக்காரர் கம்பெனியின் கலெக்டரை கம்பெனியின் கையாலேயே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். போர் அதற்கு அடுத்த வருஷம் வந்தது. 1799 செப்டம்பரில் பானர்மேன் கோட்டையைத் தாக்கினான். காட்டில் மறைந்திருந்தவரைப் பிடித்துக் கொடுத்தது புதுக்கோட்டைத் தொண்டைமான். அக்டோபர் 16-ல் கயத்தாறில் தூக்கு. எட்டயபுரத்தார் கம்பெனிக்கு உதவியது உண்மைதான், ஆனால் பிடித்துக் கொடுத்தது வேறு ஆள். இருந்தும் தமிழில் துரோகிக்கு 'எட்டப்பன்' என்றே பெயர் விழுந்துவிட்டது. பாரதியார் பிறந்த ஊர்க்காரர்கள் அந்தச் சொல்லைச் சுமக்கிறார்கள். நான் அதை யார் மீது எறிந்தேன் என்று மேலே சொல்லிவிட்டேன்.

படத்தைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். அதே பந்துலு 'கப்பலோட்டிய தமிழன்' எடுத்தார், 1961-ல். அதில் சிவாஜி முழங்குவதில்லை, செக்கிழுக்கிறார், வயதாகிறார், ஒடுங்கிப் போகிறார். கட்டபொம்மனைவிட அதுதான் உயர்ந்த படம் என்பது என் அபிப்பிராயம். ஜனங்கள் போகவில்லை, கையைக் கடித்தது. கமலின் 'மருதநாயகம்' 1997-ல் எலிசபெத் ராணி வந்து தொடங்கி வைத்தும் முடியவில்லை. அந்த கான் சாகிப் சென்னை முற்றுகையில் லாலியின் பிரெஞ்சுப் படையோடு மோதியவன், பிறகு மதுரையில் பிரெஞ்சுக் கொடியையே ஏற்றியவன். அப்படி இரண்டு பக்கமும் நின்ற ஆளை சினிமா எப்படிக் காட்டியிருக்கும் என்று பார்க்க எனக்கு ரொம்ப ஆசை.

2015-ல் கட்டபொம்மனை டிஜிட்டலில் புதுப்பித்து வெளியிட்டார்கள். மகள் வயிற்றுப் பேரனைக் கூட்டிக்கொண்டு போனேன். குளிர்சாதனக் கொட்டகை, சாய்வு நாற்காலி, அரைக் கூட்டம். வரி வசனம் வந்தது. ஒரு சொல் விடாமல் என் உதடுகள் தாமாக அசைந்தன. கையும் தட்டினேன். பேரன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

இடைவேளையில் அவனிடம், "1080 பகோடா" என்றேன்.

"என்ன தாத்தா அது?"

"பாக்கி."

அவன் பாப்கார்ன் வாங்கக் காசு கேட்டான், கொடுத்தேன். தூக்குமேடைக் காட்சி வருவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான். எழுப்பவில்லை. விளக்குப் போட்டு, துடைப்பத்தோடு ஆள் உள்ளே வரும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.