இழுப்பது ஒரு பங்கு, விடுவது இரு பங்கு

நவி மும்பை கோபர்கைரனேயின் நிசர்க் உத்யான் ஒரு காலத்தில் குப்பைமேடு. மண்போட்டு மூடி, மேலே மரம் வைத்துப் பூங்காவாக்கினார்கள். விடியற்காலையில் அங்கே பாய் விரித்துப் பிராணாயாமம் செய்கிறவர்களில் நானும் ஒருவன். எனக்கு சி.ஓ.பி.டி. என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். வாஷி மசாலா மார்க்கெட்டில் மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து கணக்கெழுதியவன், பீடியும் உண்டு. இப்போது காலையும் மாலையும் இன்ஹேலர் பம்ப், அதோடு மூச்சுப் பயிற்சி.

எங்களைப் போன்றவர்களுக்குக் காற்றை உள்ளே இழுப்பதைவிட, இழுத்ததை வெளியே விடுவதுதான் பெரும்பாடு. நுரையீரலின் சின்னக் குழாய்கள் தளர்ந்துபோய், மூச்சை விடும்போது ஒட்டிக்கொள்கின்றன. பழைய காற்று உள்ளேயே தேங்கிவிட்டால் புதுக்காற்றுக்கு இடமேது? பிசியோதெரபி செய்யும் பெண் சொல்லிக் கொடுத்தது இதுதான்: “அங்கிள், மூக்கால ரெண்டு எண்ணி இழுங்க. விசில் அடிக்கிற மாதிரி உதட்டைக் குவிச்சு, நாலு எண்ணி மெதுவா விடுங்க. ஊதித் தள்ளாதீங்க.” குவிந்த உதடு வெளியேறும் காற்றைக் கொஞ்சம் தடுக்கிறது. அதனால் குழாய்களுக்குள் அழுத்தம் நின்று, அவை சீக்கிரம் மூடிக்கொள்வதில்லை. மாடிப்படி ஏறும்போது இதன் அருமை தெரியும்.

இரண்டுக்கு நாலு என்ற அந்தக் கணக்கைக் கேட்டதும் எனக்குத் திருமந்திரம் நினைவுக்கு வந்தது. திருமூலர் மூச்சை இழுக்கும் பூரகத்துக்குப் பதினாறு மாத்திரை நேரம், அடக்கும் கும்பகத்துக்கு அறுபத்து நாலு, விடும் இரேசகத்துக்கு முப்பத்திரண்டு என்று வைத்தார். விடும் மூச்சு இழுப்பதைப் போல இரு மடங்கு. யோகிக்கு நடுவில் இருக்கும் அறுபத்து நாலே முக்கியம். நோயாளிக்கோ அது ஆகாது. மூச்சை அடக்கினால் எங்களுக்குத் திணறிவிடும். அந்தக் கும்பகத்தை ஒதுக்கிவிட்டு, நீண்ட இரேசகத்தை மட்டும் மருத்துவம் கற்றுத்தருகிறது. இதைப் பெரிய காரியமாகவே நினைக்கிறேன்.

யோகத்தை மருத்துவத்தின் பக்கம் திருப்பிய வேலையில் பெரும்பங்கு எங்கள் வட்டாரத்தில் நடந்தது. நர்மதைக் கரையில் மால்சரில் இருந்த பரமஹம்ச மாதவதாசரின் சீடர்கள் இருவர் அதில் முக்கியமானவர்கள். ஒருவர் யோகேந்திரா, 1918இல் மும்பை வெர்சோவாவில் யோகா இன்ஸ்டிடியூட்டைத் தொடங்கினார். மற்றவர் ஜகந்நாத் கணேஷ் குணே என்ற சுவாமி குவலயானந்தர்; 1924இல் லோனாவாலாவில் கைவல்யதாமத்தை நிறுவினார். அதே ஆண்டு ‘யோக மீமாம்சா’ இதழையும் தொடங்கி, எக்ஸ்ரேயும் அழுத்தமானியும் வைத்து அளந்த அளவுகளை அதில் வெளியிட்டார். பிராணாயாமத்தின் பெருமை கூடுதல் பிராணவாயுவில் இல்லை என்றும் வாதிட்டார். நம்பிக்கை உள்ளவரே அளந்துபார்த்துவிட்டு அப்படிச் சொன்னது எனக்கு மிகுந்த மரியாதையைத் தருகிறது.

1930களில் கைவல்யதாமத்தின் கிளை மும்பை மரைன் டிரைவுக்கு வந்துவிட்டது. அங்கிருந்து பரேலின் பஞ்சாலைகள் சில மைல் தூரம்தான். பஞ்சுத்தூசியில் நெஞ்சடைத்த மில் தொழிலாளிகளில், தாராவித் தோல் கிடங்குகளில் நின்ற நம் திருநெல்வேலிக்காரர்களில், எத்தனை பேர் அந்தக் கடற்கரைக் கட்டடத்தின் படியேறியிருப்பார்கள்? நினைத்தால் மனம் கனக்கிறது. 1970களில் கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர் எஸ்.ஆர். காமத் பரேல், செம்பூர் மக்களின் நெஞ்சு நோய்களைக் காற்று மாசோடு சேர்த்து ஆராய்ந்தபோதுதான் அவர்கள் இருமலும் கணக்கில் ஏறியது.

நோயாளிகளை ஒப்பிட்டுப் பார்த்த யோகச் சோதனைகள் பிறகு வந்தன. 1985இல் பெங்களூரின் நாகரத்னாவும் நாகேந்திராவும், யோகப் பயிற்சி பெற்ற ஆஸ்துமா நோயாளிகள் 53 பேரை, பெறாத 53 பேரோடு ஒப்பிட்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். பயிற்சி செய்தவர்களுக்கு இழுப்பு வருவது குறைந்தது, மருந்தின் தேவையும் குறைந்தது. 1990இல் லான்செட்டில் வந்தது இன்னும் நுட்பமானது. ஜெய்ப்பூரின் வீரேந்திர சிங் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் மற்ற மருத்துவர்களோடு செய்த ஆய்வு அது. ‘பிங்க் சிட்டி’ என்று ஜெய்ப்பூரின் பெயரையே தாங்கிய ஒரு சிறு கருவி. அதன் வழியே மூச்சு விட்டால் இழுப்பது ஒரு பங்கு, விடுவது இரண்டு பங்கு என்றாகிவிடும். லேசான ஆஸ்துமா உள்ள 18 பேர், தினம் இருவேளை, வேளைக்குக் கால் மணி நேரம், இரண்டு வாரம். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு போலிக் கருவியும் இருந்தது. ஊதும் அளவுகளில் பெரிய மாற்றமில்லை. ஆனால் மூச்சுக்குழாயைச் சுருக்க முன்னைவிட அதிக ஹிஸ்டமின் தேவைப்பட்டது. திருமூலரின் விகிதத்தில் ஒரு பாதி ஆய்வுக்கூடத்துக்குள் போய்விட்டது.

அவையெல்லாம் ஆஸ்துமாவுக்கு. சி.ஓ.பி.டி.யில் அழிந்த காற்றறைகளை எந்தப் பயிற்சியும் திரும்பத் தராது. பம்ப்பை நிறுத்தச் சொல்லும் யோகா ஆசிரியர் யாராக இருந்தாலும் அவர் பேச்சைக் கேட்காதீர்கள். கபாலபாதி போன்ற வேகப் பயிற்சிகளை டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். ஆனால் உதட்டைக் குவித்து மெல்ல விடுவதற்குக் காசும் கருவியும் வேண்டாம். மூட்டை தூக்கும் மாத்தாடித் தொழிலாளர்கள் குடியிருக்கும் எங்கள் செக்டர்களின் டிஸ்பென்சரிகளில், மருந்துச் சீட்டின் அடியிலேயே மராத்தியிலும் இந்தியிலும் தமிழிலும் இதை இரண்டு வரி அச்சடித்துத் தரவேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு நர்ஸ் ஒருமுறை செய்துகாட்டவேண்டும்.