தெளிநீரில் தோற்றது விலையா, நுண்ணுயிரியா?

அசிட்டோன்-பியூட்டனால் நொதித்தலின் வரலாற்றைத் தொடுவோர், டேவிட் ஜோன்ஸும் டேவிட் உட்ஸும் 1986இல் வெளியிட்ட விரிவான கட்டுரையைத் தாண்டிப் போக முடியாது. நானும் அதற்குக் கடன்பட்டவன். ஆனாலும் அதன் மையக் கருத்து எனக்கு முழுதும் உடன்பாடில்லை. பெட்ரோலிய வேதிப்பொருள்கள் மலிந்தன, மொலாசஸ் மாட்டுத்தீவனத்துக்குப் போய் விலை ஏறியது, தொழில் விழுந்தது என்பது அவர்கள் வாசிப்பு. மொலாசஸைப் பொறுத்தவரை இது சரியே. மூலப்பொருளின் விலைதான் தலைவிதியை எழுதியதென்றால், பாலாடைக்கட்டி எடுத்தபின் மிஞ்சும் தெளிநீர் இத்தொழிலை மீட்டிருக்க வேண்டுமே? ஒரு கிலோ கட்டிக்கு ஏறத்தாழ 9 லிட்டர் மிஞ்சுகிறது; ஆற்றில் விட்டால் நீரின் உயிர்வளியை உறிஞ்சிவிடும். அன்றைய ஆலைக்கு அது சரக்கன்று, சுமை. அப்படியும் மீட்சி வரவில்லை.

தெளிநீரில் லாக்டோஸ் 5 விழுக்காடுதான், அந்த நீர்ப்பே காரணம் என்று சிலர் சொல்லக்கூடும். இது நிற்காது. பியூட்டனால் ஒரு விழுக்காட்டைச் சற்றுத் தாண்டினாலே, இந்நொதித்தலைச் செய்யும் கிளாஸ்ட்ரிடியம் பாக்டீரியா தன் விளைபொருளாலேயே முடங்கும். அதனால் மொலாசஸையும் சர்க்கரை 6 விழுக்காடு அளவுக்கு நீர்க்கச் செய்துதான் ஊற்றினார்கள்.

என் கவனம் நின்ற இடம் நியூசிலாந்தின் மேடாக்ஸ் 1980இல் வெளியிட்ட சிறு ஆய்வு. தலைப்பிலேயே 'தெளிநீர் வடிநீர்' என்கிறார். புரதத்தை வடிகட்டி எடுத்தபின் எஞ்சியதை, அதாவது கழிவின் கழிவை, அவர் எடுத்துக்கொண்டார். மொலாசஸில் பியூட்டனாலும் அசிட்டோனும் ஏறத்தாழ 2:1. தெளிநீரிலோ 10:1 அளவுக்கு பியூட்டனால் ஓங்குகிறது. 1986இல் கோட்டிங்கன் ஆய்வாளர்கள், இரும்புச்சத்துக் குறைந்தால் பியூட்டனால் பக்கம் தராசு சாய்வதைக் காட்டினர். பாலில் இரும்பு குறைவு என்பதால் இரண்டையும் இணைக்கத் தோன்றுகிறது. மேடாக்ஸின் வடிநீருக்கும் இதே விளக்கம் பொருந்தும் என்பது என் ஊகமே, நிறுவப்பட்டதன்று. ஆனால் விலைக்கணக்கில் அடங்காத ஒன்று இங்கே வேலை செய்கிறது என்பதை மறுக்க இயலாது.

அயர்லாந்தின் கார்பெரி ஆலை இதற்குத் துணைச்சான்று. 1978 முதல் அங்கே தெளிநீரிலிருந்து எத்தனால் வடிக்கிறார்கள். அதே கழிவு, அதே நீர்ப்பு; வேலை செய்வது மட்டும் பாக்டீரியா அல்ல, ஈஸ்ட். வைரஸ் தாக்கும் அச்சமும் விளைபொருளே நஞ்சாகும் தொல்லையும் ஈஸ்டுக்குக் குறைவு. எத்தனாலுக்குச் சந்தை எளிது என்ற எதிர்வாதம் உண்டு. அதை நான் முற்றிலும் ஒதுக்கவில்லை. ஆனால் கழிவு ஒன்றே, முடிவு இரண்டு என்னும்போது, கழிவின் விலையைக் கொண்டு மட்டும் இந்த வேறுபாட்டை விளக்க முடியாது.

மொலாசஸில் இந்நொதித்தலை நடத்திய தென்னாப்பிரிக்காவின் ஜெர்மிஸ்டன் ஆலை மூடிய ஆண்டை 1982 என்பாரும் 1983 என்பாரும் உண்டு. இங்கே தீர்ப்புச் சொல்ல நான் முயலவில்லை. எந்த ஆண்டாயினும், மேடாக்ஸின் ஆய்வு வெளிவந்த சில ஆண்டுகளுக்குள் பழைய தொழிலின் அந்த ஆலையும் அணைந்தது. விலை அத்தொழிலை வீழ்த்தியது. தெளிநீரில் அது எழாமல் தடுத்தது நுண்ணுயிரியின் இயல்பு. இரண்டையும் ஒரே காரணமாக்கியதே முன்னோர் வாசிப்பின் குறை.