நூறு முனைகளின் கதை

விளையாட்டுக் கணிப்பொறி ஒன்றை முதன்முதலாக வீட்டிலேயே இணைத்துச் செய்ய விரும்பும் மாணவர், செயலியை ஒரு கம்பெனியிடமும் நினைவகத்தை மற்றொரு கம்பெனியிடமும் வாங்கலாம். இவை ஒன்றோடொன்று பொருந்துவது எப்படி?

1975 ஜனவரியில் 'பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்' என்ற அமெரிக்க இதழின் முகப்பில் 'ஆல்டேர் 8800' இடம்பெற்றது. எட் ராபர்ட்ஸின் 'மிட்ஸ்' நிறுவனம் அதை உதிரிப் பாகங்களாகச் சுமார் 400 டாலருக்கு விற்றது. வாங்கியவரே பற்றவைத்துக்கொள்ள வேண்டும். மின்சுற்று அட்டைகளைச் செருக, அதனுள் 100 முனைகள் கொண்ட செருகுவாய்கள் இருந்தன. எந்த முனை எதற்கு என்று தெரிந்ததும், பிற கம்பெனிகளும் அதற்கேற்ற அட்டைகளைச் செய்யலாயின. முனைகளின் ஒழுங்கு அப்படியொன்றும் சிலாக்கியமானதல்ல. 8 வோல்ட் முனைக்குப் பக்கத்திலேயே 16 வோல்ட் முனை! ஆயினும் எல்லோரும் அதையே பின்பற்றினர். 1983-இல் அது முறையான தர அளவாகவும் ஆயிற்று.

1976-இல் 'குரோமெம்கோ' என்ற கம்பெனியின் 'டாஸ்லர்' வந்தது. இந்த இரட்டை அட்டையைச் செருகினால் வண்ணத் தொலைக்காட்சியில் படம் தெரியும், விளையாடலாம். ஆனால் செருகினால் மட்டும் போதுமா? டாஸ்லர் தன் படத்தைக் கணிப்பொறியின் நினைவகத்திலிருந்தே எடுத்துக்கொண்டது. மிகச் சிறிய படத்துக்கே 512 பைட் வேண்டும். அடிப்படை ஆல்டேரில் இருந்ததோ 256 பைட்! அட்டை கச்சிதமாகப் பொருந்தும், படம்தான் வராது. முதலில் நினைவக அட்டை வாங்கியாக வேண்டும்.

இன்று டிடிஆர்4 நினைவகம் டிடிஆர்5 செருகுவாயில் இறங்காது. வெட்டு இடம் மாறியிருப்பதால் அந்தத் தவறு நேராது. ஆனால் படஅட்டை கேட்கும் வாட் அளவை மின்வழங்கி தருமா என்பதை எந்த வெட்டும் சொல்வதில்லை. விவரக் குறிப்புகளைப் பார்த்து நாமே கூட்டிக் கணக்கிட வேண்டியதுதான்.