புறப்படுமுன் வானை அறிதல்: மாலுமி முதல் விமானி வரை

தமிழில் நாம் வழங்கும் ‘மாலுமி’ என்னும் சொல், அரபியின் ‘முஅல்லிம்’ என்பதன் திரிபு என்பது சொல்லாய்வாளர் கருத்து. முஅல்லிம் என்றால் ஆசிரியர், கற்பிப்பவர் என்பது பொருள். மத்ரஸாவில் பாடம் நடத்துபவருக்கும் நடுக்கடலில் கப்பலுக்கு வழிகாட்டுபவருக்கும் அரபியர் ஒரே பெயரை வழங்கினர். கப்பலும் சரக்கும் நகுதாவின் பொறுப்பு. வழியையும் காலத்தையும் அறிந்து சொல்வது முஅல்லிமின் பொறுப்பு. கடலோடியை ஆசிரியர் என்று அழைத்ததற்குத் தக்க காரணம் இருந்தது. அவரிடமிருந்த கல்வியின் முதற்பகுதி, கப்பலைச் செலுத்தும் திறமையைச் சார்ந்ததன்று. எந்நாளில் புறப்படலாம், எந்நாளில் புறப்படலாகாது என்னும் அறிவைச் சார்ந்தது. அவ்வறிவின் வரலாற்றையும், சிறு விமானத்தைத் தாமே ஓட்டிச் செல்லும் இக்கால விமானிக்கு அது எவ்வாறு உயிர்காக்கும் கல்வியாக இருக்கிறது என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

மவ்ஸிம்: புறப்பாட்டின் பெயர்

‘வ-ஸ-ம’ என்னும் அரபி வேர்ச்சொல்லுக்கு அடையாளமிடுதல் என்று பொருள். அதிலிருந்து பிறந்த ‘மவ்ஸிம்’ குறித்து வைக்கப்பட்ட காலத்தைச் சுட்டும். ஹஜ்ஜுக் காலமும் மவ்ஸிம். அறுவடைக் காலமும் மவ்ஸிம். கடலோடிகளோ, இன்ன துறைமுகத்திலிருந்து இன்ன துறைமுகத்திற்குப் பாய் விரிக்கத் தக்க நாளை மவ்ஸிம் என்றனர். இச்சொல்லே போர்த்துக்கீசியர் வாயில் ‘மோன்சாவ்’ ஆகி, ஆங்கிலத்தில் ‘மான்சூன்’ ஆயிற்று. இன்று மழையின் பெயராக வழங்கும் அச்சொல், கடலோடிகளிடையே புறப்பாட்டு நாளின் பெயராக இருந்தது என்பது சிந்திக்கத் தக்கது.

இக்கலையை முறைப்படுத்தி எழுதியவர்களுள் தலையாயவர் அஹ்மத் இப்னு மாஜித். இன்றைய ராஸ் அல் கைமாவை ஒட்டிய ஜுல்ஃபாரில் பிறந்தவர். கி.பி. 1490-ஐ ஒட்டி அவர் நிறைவுசெய்த ‘கிதாபுல் ஃபவாயித்’, இந்துமாக்கடலில் செல்லும் வழிகளோடு செல்லத் தக்க காலங்களையும் விரிவாகப் பேசுகிறது. ஹிஜ்ரி ஆண்டு பிறைக் கணக்கைச் சார்ந்தது. சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைந்தது. காற்றோ சூரியனின் ஓட்டத்தைப் பின்பற்றுவது. ஆகவே நோன்புக்கும் ஹஜ்ஜுக்கும் பிறையைப் பார்த்த அதே மாலுமிகள், கடற்பயணத்திற்கு நைரூஸ் நாளிலிருந்து இத்தனையாவது நாள் என்று எண்ணினர். எக்கேள்விக்கு எக்கணக்கு பொருந்தும் என்பதில் அவர்களுக்குக் குழப்பம் இருக்கவில்லை.

நம் கரையோர மக்கள் கச்சான், கொண்டல், வாடை, சோழகம் என்று காற்றுகளுக்குப் பெயரிட்டது போல, அவர்களும் தென்மேற்குக் காற்றைக் ‘கவ்ஸ்’ என்றும் வடகிழக்குக் காற்றை ‘அஸ்யப்’ என்றும் பிரித்தறிந்தனர். அரபுக் கரையிலிருந்து இந்தியாவுக்கு வரக் கவ்ஸ் காற்றே துணை. ஆயினும் அதன் உச்சத்தில், ஜூன் முதல் ஏறத்தாழ மூன்று மாதங்கள், இந்தியாவின் மேற்குக் கரைத் துறைமுகங்கள் அணுக முடியாதவை. அக்காலத்தை அவர்கள் ‘கடல் அடைபடும் காலம்’ என்றனர். ஆதலால் அக்காற்றின் தொடக்கத்திலோ முடிவிலோதான் பயணம். ஏற்ற காற்றே ஆனாலும் அதன் வலிமை மிகுந்தால் கரையிலிருப்பதே அறிவு என்பது அவர்கள் கண்ட முடிவு.

இவ்வறிவைப் புறக்கணித்தால் விளைவது என்ன என்பதை வாஸ்கோட காமாவின் பயணமே காட்டுகிறது. 1498 ஏப்ரல் 24-இல் அவர் ஆப்பிரிக்கக் கரையின் மாலிந்தியிலிருந்து, அவ்வூர் மன்னர் அளித்த மாலுமி ஒருவரின் துணையோடு புறப்பட்டார். அம்மாலுமி இப்னு மாஜிதே என்று நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. பிற்கால ஆய்வு அதை ஏற்கவில்லை. அவர் எவராயினும் காலத்தை அறிந்தவர். ஏறத்தாழ 23 நாளில் மலபார்க் கரை கண்ணுக்குத் தெரிந்தது. திரும்புகையில் வடகிழக்குக் காற்று நிலைபெறும் வரை காமா காத்திருக்கவில்லை. அக்டோபர் 5-இல் அஞ்சுதீவிலிருந்து புறப்பட்ட கப்பல்கள், எதிர்காற்றிலும் காற்றின்மையிலும் சிக்கி, 1499 ஜனவரித் தொடக்கத்தில்தான் ஆப்பிரிக்கக் கரையைக் கண்டன. ஏறத்தாழ மூன்று மாதங்கள். அதற்குள் சுமார் 30 பேர் ஸ்கர்வி நோயால் மாண்டனர். கடல் அதே கடல், கப்பல்களும் அவையே. புறப்பட்ட நாள் மட்டுமே வேறு.

தந்தி தந்த முன்னறிவிப்பு

மவ்ஸிம் கணக்கு ஆண்டின் போக்கைச் சொல்லும். நாளைய புயலைச் சொல்லாது. அதற்குத் தந்தி தோன்ற வேண்டியிருந்தது. 1859 அக்டோபரில் ‘ராயல் சார்ட்டர்’ என்னும் கப்பல் வேல்ஸின் ஆங்கிள்ஸி தீவருகே புயலில் உடைந்து நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இங்கிலாந்தின் வானிலைத் துறைக்குத் தலைமை வகித்த ராபர்ட் ஃபிட்ஸ்ராய், பல ஊர்களின் காற்றழுத்த அளவுகளைத் தந்தி வழியே திரட்டி, 1861-இல் துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்பத் தொடங்கினார். அவ்வாண்டு ஆகஸ்டில் நாளிதழிலும் வானிலை முன்னறிவிப்பு வெளிவரலாயிற்று. இவை தீர்க்கதரிசனம் அல்ல, கண்ட அளவுகளிலிருந்து பெற்ற கருத்து மட்டுமே என்பதை அவர் வலியுறுத்தினார். மறைவானதை அறிந்ததாக அவர் உரிமை கொண்டாடவில்லை. கூம்பும் உருளையும் துறைமுகக் கம்பத்தில் ஏற்றப்படும். புறப்படுவதா இருப்பதா என்பதைக் கப்பல் தலைவரே முடிவு செய்வார். விமானங்கள் தோன்றியபோது அவற்றுக்கும் இம்முறையே விரிவாக்கப்பட்டது.

வானோடியின் ஏடுகள்

பெரிய விமான நிறுவனங்களில் புறப்பாட்டை ஒருவர் மட்டும் முடிவு செய்வதில்லை. வானிலையைப் பார்க்கவும் வழியைத் திட்டமிடவும் தனி அலுவலர் உண்டு. அருகில் இரண்டாம் விமானியும் உண்டு. தனியாகச் சிறு விமானம் ஓட்டுபவருக்கோ நகுதாவும் முஅல்லிமும் அவர் ஒருவரே. அவர் கையில் முதன்மையாக இரண்டு ஏடுகள் உள்ளன. ஒன்று ‘மெட்டார்’. விமான நிலையத்தில் அவ்வேளையில் நிலவும் காற்று, பார்வைத் தொலைவு, மேகத்தின் உயரம், வெப்பம், காற்றழுத்தம் ஆகியவற்றை அரைமணிக்கோ ஒரு மணிக்கோ ஒருமுறை தரும் அறிக்கை. மற்றொன்று ‘டாஃப்’. அந்நிலையத்திற்கு வரும் 9 முதல் 30 மணி நேரத்திற்கான முன்னறிவிப்பு. இரண்டும் நிலையத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் மட்டுமே பேசுபவை. புறப்படும் ஊரும் சேரும் ஊரும் தெளிவாக இருக்க, இடையிலுள்ள மலையோ கடலோ மூடிக் கிடக்கலாம்.

1959 பிப்ரவரி 3-ஆம் நாள் நள்ளிரவு கடந்து, அமெரிக்காவின் அயோவா மாநிலத்து மேசன் சிட்டியிலிருந்து நான்கு இருக்கைகள் கொண்ட வாடகை விமானம் ஒன்று ஃபார்கோவுக்குப் புறப்பட்டது. மூன்று இசைக்கலைஞர்களும் 21 வயது விமானியும் அதில் இருந்தனர். சில நிமிடங்களில் அது பனிபடர்ந்த வயலில் விழுந்து நால்வரும் இறந்தனர். கருவிகளை மட்டுமே நம்பிப் பறக்கும் தகுதி அவ்விமானிக்கு இல்லை. அவர் வானிலை கேட்டறிந்துதான் புறப்பட்டார். ஆனால் வழியில் வானிலை கெடுவதைச் சொன்ன அவசர எச்சரிக்கைகள் அவருக்கு எடுத்துரைக்கப்படவில்லை என்று விசாரணை கண்டது. விமானியின் முடிவு தவறு என்று கூறிய அறிக்கை, வானிலை விளக்கத்தின் குறையையும் காரணங்களுள் ஒன்றாகச் சேர்த்தது.

செய்தி கிடைத்தும் அதன் பொருள் எட்டாமற்போன நிகழ்ச்சி 1999 ஜூலை 16-ஆம் நாள் நடந்தது. முன்னாள் அதிபர் கென்னடியின் மகன் ஜான் எஃப். கென்னடி ஜூனியர், மனைவியோடும் மனைவியின் சகோதரியோடும் தம் சிறு விமானத்தில் நியூ ஜெர்சியிலிருந்து மார்த்தாஸ் வினியார்ட் தீவுக்குப் புறப்பட்டார். ஏறத்தாழ 310 மணி நேரம் பறந்த அனுபவம் அவருக்கு உண்டு. கருவிப் பறத்தலுக்கான தகுதிச் சான்று இல்லை. பலமுறை சென்று பழகிய வழி அது. அன்று மாலை இணையம் வழியே வானிலையையும் பார்த்திருந்தார். நிலையங்களின் அறிக்கைகள், கண்ணால் பார்த்துப் பறக்கச் சட்டம் கேட்கும் அளவுக்கு மேற்பட்ட பார்வைத் தொலைவையே காட்டின. இரவு 8.38-க்குப் புறப்பட்டு, ஒரு மணி நேரத்திற்குச் சற்று மேல் பறந்தபின் விமானம் கடலில் விழுந்து மூவரும் இறந்தனர்.

புயலில்லை, இடியில்லை, சட்டமும் தடுக்கவில்லை. பின் ஏன் இவ்வாறு ஆயிற்று? இரவு, நீர்ப்பரப்பு, மங்கல் ஆகிய மூன்றும் ஒருங்கே சேர்ந்ததால் அடிவானம் மறைந்துவிட்டது. அன்றிரவு அப்பகுதியில் பறந்த வேறு விமானிகளும் அடிவானம் தெரியவில்லை என்றே சாட்சியளித்தனர். அடிவானம் மறைந்தால் உடல் தரும் செய்தி பொய்யாகும். உட்செவியின் நீர்மம், மெல்ல நிகழும் சாய்வை உணர்வதில்லை. விமானம் சாய்ந்து சுழன்று இறங்கும்போதும் நேராகச் செல்வதாகவே தோன்றும். கருவிப் பயிற்சியற்ற 20 பேரைக் கொண்டு இலினாய் பல்கலைக்கழகம் 1954-இல் நடத்திய ஆய்வில், வெளிக்காட்சியை மறைத்தவுடன் அனைவருமே கட்டுப்பாட்டை இழந்தனர். அதற்கு ஆன சராசரி நேரம் 178 விநாடி. மூன்று நிமிடங்கூட இல்லை. கென்னடியின் விபத்தை ஆராய்ந்த போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2000-இல் கூறிய முடிவும் இத்தகைய திசைமயக்கமே.

அதே மாலை, அதே நிலையத்தில், அதே தீவுக்குச் செல்லவிருந்த மற்றொரு விமானியின் வாக்குமூலமும் விசாரணைப் பதிவில் உள்ளது. அவர் தம் கண்ணால் வெளியைப் பார்த்தார். மங்கல் மிகுதி, பார்வை சுமார் 4 மைல் என்று மதிப்பிட்டார். உடன்வர நண்பர்களும் கிடைக்கவில்லை. தங்கும் செலவும் மிச்சம். இவற்றையெல்லாம் கருதிப் பயணத்தைச் சனிக்கிழமைக்குத் தள்ளிவைத்தார். அவரது காரணங்களுள் பெருமைக்குரியவை எவையும் இல்லை. ஆயினும் வாசல்வழியே வானைப் பார்த்ததும் அதற்கு மதிப்பளித்ததும் அவற்றுள் அடங்கும்.

கற்க வேண்டியது

மெட்டாரில் வெப்பத்தை அடுத்து மற்றோர் எண் வரும். அது பனிநிலை, காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாக மாறத் தொடங்கும் வெப்பம். வெப்பம் 30 பாகை, பனிநிலை 20 பாகை என்றால், எழும் காற்றில் தோன்றும் மேகத்தின் அடித்தளம் ஏறத்தாழ 4,000 அடியில் அமையும் என்று கணக்கிடலாம். பாகை ஒன்றுக்குச் சுமார் 400 அடி. இடைவெளி இரண்டு பாகையாகச் சுருங்கினால், மேகம் தலைக்கு மேலேயே வந்துவிடும். மாலை மயங்கி வெப்பம் தணியும் நேரமானால் மூடுபனியையும் எதிர்பார்க்க வேண்டும். ஆகவே ஓர் அறிக்கையை மட்டும் படிப்பவர் அந்நேரத்தை அறிவார். முந்தைய மூன்று நான்கு அறிக்கைகளை வரிசையாக வைத்துப் படிப்பவரே போக்கை அறிவார். கடலின் நிறத்தையும் பறவையையும் மிதக்கும் புல்லையும் ‘இஷாராத்’ என்று சேர்த்துப் படித்த பழைய முஅல்லிம்கள் செய்ததும் இதுவே.

அடுத்து, சட்டத்தின் எல்லை வேறு, தம் திறமையின் எல்லை வேறு என்பதை உணர்தல். அனுபவமுள்ள பயிற்சியாளர்கள், தத்தமக்குரிய குறைந்தபட்ச அளவுகளை வீட்டிலேயே அமைதியாக எழுதிவைக்கச் சொல்கின்றனர்: இவ்வளவு பார்வைத் தொலைவுக்குக் கீழே பறப்பதில்லை, இவ்வளவு குறுக்குக் காற்றுக்கு மேல் இறங்குவதில்லை, நிலவில்லாத இரவில் கடலைக் கடப்பதில்லை. திருமணமும் உறவினரும் காத்திருக்கும் வேளையில் மனம் தனக்கு வேண்டியதையே அறிக்கையில் வாசிக்கும். எழுதிவைத்த எண்ணுக்கு அந்த அவசரம் இல்லை. இறங்க வேண்டிய இடம் மூடியிருந்தால் செல்லத் தக்க மற்றோர் இடமும், அதுவரை போதிய எரிபொருளும், வழியிலேயே திரும்பிவிடத் தயங்காத மனமும் அதனோடு சேர வேண்டும்.

நம் ஊர்களிலிருந்தும் இளைஞர்கள் விமானப் பயிற்சிக்குச் செல்லும் காலம் இது. அவர்களை வாழ்த்தி வழியனுப்பும் பெரியோர், ஒரு நாள் அப்பிள்ளைகள் ‘இன்று புறப்படவில்லை, நாளை வருகிறேன்’ என்று சொன்னால் முகம் சுளிக்காதிருக்க வேண்டும். விருந்து ஆறிப்போகலாம், மணமேடையில் ஓர் இருக்கை வெறுமையாக இருக்கலாம். கடல் அடைபட்ட மாதங்களில் எத்தனையோ வணிகரின் சரக்கு துறைமுகத்தில் தேங்கிக் கிடந்தது. பொறுத்திருக்கச் சொன்ன முஅல்லிமைக் கோழை என்று அந்நாளில் எவரும் கருதியதில்லை. ஆசிரியர் என்றே அழைத்தனர்.