குளிரிலும் மழையிலும் மிதிவண்டிப் பயணம்: தோலில் ஏற்படும் தடிப்பு, அரிப்பு, வீக்கம்

குளிர்காற்றும் ஈரமும் சேர்ந்த வேளையில் மிதிவண்டி ஓட்டித் திரும்பும் சிலருக்குத் தோலில் தடிப்பு, அரிப்பு, சிவப்பு, வீக்கம் ஆகியவை தோன்றுகின்றன. நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை போன்ற மலைப்பகுதிகளில் அதிகாலையில் பாலும் செய்தித்தாளும் கொண்டு செல்வோர், பள்ளி மாணவர்கள், மலைப்பாதையில் பயிற்சி மேற்கொள்வோர் ஆகியோரிடம் இதைக் காணலாம். இருசக்கர மோட்டார் வாகனம் ஓட்டுவோருக்கும் இது பொருந்தும்.

'குளிர் ஒத்துக்கொள்ளவில்லை' என்ற ஒரே சொல்லில் பலரும் இதை அடக்கிவிடுகின்றனர். உண்மையில் இதற்குள் வெவ்வேறு நோய்நிலைகள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை தொல்லை தருபவையே தவிர ஆபத்தானவை அல்ல. ஒன்று மட்டும் உயிருக்கே ஆபத்து விளைவிக்கக்கூடியது. எனவேதான் மருத்துவர் முதலில் கேட்பது, 'தடிப்பு எப்போது தோன்றியது? எவ்வளவு நேரம் இருந்தது?' என்பதாகும். களிம்பின் பெயரைவிட இந்த விடை முக்கியமானது.

மிதிவண்டியில் குளிர் ஏன் கூடுதலாகத் தாக்குகிறது?

நிற்கும்போது நம் உடலைச் சுற்றி மெல்லிய வெப்பக் காற்றுப்படலம் ஒன்று இருக்கும். வண்டி நகரும்போது எதிர்க்காற்று அதை இடைவிடாமல் அகற்றுகிறது. காற்றின் வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் உள்ள காலையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் இறக்கத்தில் செல்பவரின் முகம் ஏறத்தாழ 6 டிகிரிக் குளிரை உணரும். இது உலர்ந்த தோலுக்கான கணக்கு. உடை நனைந்திருந்தால் இழப்பு மிக அதிகம். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது.

மலைப்பாதைக்கு மற்றொரு தன்மையும் உண்டு. ஏற்றத்தில் உடல் உழைத்து வியர்க்கிறது. இறக்கத்தில் கால்கள் ஓய்ந்திருக்க, வியர்வையில் நனைந்த சட்டையின் மீது வேகமான காற்று மோதுகிறது. ஆகவே மழையே பெய்யாத நாளிலும் ஒருவர் ஈரத்தோடுதான் இறங்குகிறார். கைப்பிடியை அசையாமல் பற்றியிருக்கும் விரல்களே முதலில் மரத்துப்போகின்றன.

சில நிமிடங்களில் எழும் தடிப்பு: குளிர் காணாக்கடி

ஏதோ பூச்சி கடித்தது போலத் திடீரென எழுந்து மறையும் அரிப்புத் தடிப்பை நம் ஊர்களில் காணாக்கடி என்பர். குளிரால் தூண்டப்படும் காணாக்கடியில், தோலில் உள்ள மாஸ்ட் செல்கள் குளிர்பட்டதும் ஹிஸ்டமின் என்னும் பொருளை வெளிவிடுகின்றன. அதனால் நுண்ணிய இரத்தக்குழாய்கள் விரிந்து, நீர் கசிந்து, தோல் தடித்து அரிக்கிறது. குளிர்பட்ட இடங்களான முகம், காது, கை, முழங்கால் ஆகியவற்றில் சில நிமிடங்களில் எழுந்து, பெரும்பாலும் ஒரு மணி நேரத்திற்குள் தழும்பின்றி மறைந்துவிடும். இளம் வயதினரிடம் இது அதிகம்.

இதில் ஒரு குழப்பம் நேர்வதுண்டு. குளிர்ந்த தோல் மீண்டும் சூடேறும்போதே தடிப்பு நன்கு எழுகிறது. வீட்டுக்குள் வந்து அமர்ந்த பிறகே அரிப்புத் தொடங்குவதால், அப்போது குடித்த தேநீரையோ போர்த்திய கம்பளியையோ பலர் காரணமாகக் கருதி, உணவு வகைகளை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே வருகின்றனர். அது தேவையற்றது. மருத்துவமனைக்கு வருவதற்குள் தடிப்பு மறைந்துவிடும் என்பதால், எழுந்த உடனே கைபேசியில் படம் எடுத்துவைப்பது பயன் தரும்.

நோயை உறுதிசெய்ய, முன்கையில் பனிக்கட்டியை மெல்லிய உறையில் இட்டு 5 நிமிடம் வைத்து எடுத்து, அடுத்த 10 நிமிடத்தில் அந்த இடம் தடிக்கிறதா என்று பார்ப்பர். எளிய சோதனைதான், ஆயினும் வீட்டில் செய்துபார்க்க வேண்டாம். மேலும், முழு உடலும் குளிர்காற்றில் படும்போது மட்டும் தடிப்பு எழும் சிலருக்கு இச்சோதனையில் எதுவும் தெரியாது. சோதனை இயல்பாக இருப்பதாலேயே நோயாளி கூறுவதை ஒதுக்கிவிடக் கூடாது.

இந்த நோயுள்ளவர் குளிர்ந்த அருவி, ஓடை, நீச்சல் குளம் ஆகியவற்றில் முழு உடலும் நனைய இறங்குவது மிகவும் ஆபத்தானது. உடலெங்கும் ஒரே நேரத்தில் ஹிஸ்டமின் வெளிப்பட்டு, இரத்த அழுத்தம் சரிந்து, நீருக்குள்ளேயே நினைவிழக்க நேரிடலாம். நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் இது பொருந்தும். மிதிவண்டியில் காது மட்டும் தடிக்கும் பிள்ளை, சுற்றுலா சென்ற இடத்தில் நீரில் குதிப்பதைப் பெற்றோர் அனுமதிக்க வேண்டாம். பனிக்கூழ், குளிர்பானம் ஆகியவற்றால் உதடும் தொண்டையும் வீங்குவோரும் உள்ளனர்.

சிகிச்சையில் செட்டிரிசின், லெவோசெட்டிரிசின், ஃபெக்சோஃபெனடின் போன்ற மாத்திரைகள் முதலிடம் பெறுகின்றன. வழக்கமான அளவில் அடங்காவிட்டால் மருத்துவர் அளவைக் கூட்டுவார். நீங்களாகக் கூட்ட வேண்டாம். குளோர்ஃபெனிரமின் போன்ற பழைய மாத்திரைகள் தூக்கக்கலக்கம் தரும். அவற்றை உட்கொண்டபின் வண்டி ஓட்டுதல் கூடாது. கொண்டை ஊசி வளைவுகள் உள்ள சாலையில் அறவே கூடாது. பலருக்குச் சில ஆண்டுகளில் இந்த நோய் தானாகவே தணிகிறது.

மறுநாள் தெரியும் வீக்கம்: சில்பிளெயின்

பயணம் முடிந்து பல மணி நேரம் கழித்து, பெரும்பாலும் மறுநாள், கால்விரல், கைவிரல், காதுமடல், மூக்குநுனி ஆகிய இடங்களில் சிவந்த அல்லது ஊதா நிற வீக்கம் தோன்றி, எரிச்சலும் அரிப்பும் வலியும் தருவது சில்பிளெயின் எனப்படும். இதற்கு உறைபனி தேவையில்லை. உறைநிலைக்கு மேலுள்ள ஈரக்குளிரே இதன் காரணம்; நனைந்த காலுறையோடு பள்ளியில் நாள் முழுவதும் அமர்ந்திருக்கும் மாணவருக்கு இது எளிதில் வரும். ஒன்று முதல் மூன்று வாரங்களில் ஆறிவிடும். மாநிறத் தோலிலும் கருந்தோலிலும் சிவப்பு தெளிவாகத் தெரியாமல் போகலாம். தொட்டால் வலிக்கும் கருஞ்சிவப்பு அல்லது ஊதா நிற வீக்கத்தைக் கவனியுங்கள்.

குளிர்ந்த கால்களைக் கணப்பில் காய்ச்சுவதும் சுடுநீரில் அமிழ்த்துவதும் மலைப்பகுதி வீடுகளில் வழக்கம். சில்பிளெயினை இவை கூட்டுகின்றன. மரத்த தோலில் சூடு தெரியாததால் கொப்புளமும் ஏற்படுகிறது. ஈரத்தைத் துடைத்து, உலர்ந்த காலுறை அணிந்து, மெதுவாகச் சூடேற விட வேண்டும். (அடைத்த அறையில் கரி அடுப்பு வைத்து உறங்குவது நச்சுவாயுவால் உயிரைப் பறிக்கும் என்பதையும் இங்கேயே கூறிவிடுகிறோம்.) மீண்டும் மீண்டும் வருவோருக்கு இரத்தக்குழாயை விரிக்கும் நிஃபெடிபின் மாத்திரையை மருத்துவர் பரிந்துரைக்கக்கூடும். வெயில் காலம் வந்தும் ஆறாத சில்பிளெயின், மூட்டுவலி அல்லது முடி உதிர்தலோடு வரும் சில்பிளெயின் ஆகியவற்றுக்கு லூபஸ் போன்ற நோய் உள்ளதா என இரத்தப் பரிசோதனை தேவை.

பிற நிலைகள்

விரல்கள் திட்டுத்திட்டாக வெளுத்து, பின் நீலமாகி, சூடேறும்போது சிவந்தால் அது ரேனாட் எனப்படும் இரத்தக்குழாய்ச் சுருக்கம். புகைப்பழக்கமும், ப்ரோப்ரனலால், அட்டனலால் போன்ற மாத்திரைகளும் அதை மிகைப்படுத்தும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கூறுங்கள்.

இறுக்கமான ஈரக் காற்சட்டையுடன் நெடுநேரம் குளிரில் ஓட்டுவோருக்குத் தொடையின் வெளிப்புறத்தில் வலியுள்ள ஊதாக் கட்டிகள் தோன்றலாம். குதிரையேற்றத்தில் ஈடுபட்ட பெண்களிடம் கண்டறிந்து 1980ஆம் ஆண்டு மருத்துவ இதழில் விவரிக்கப்பட்ட நிலை இது. தொடைக் கொழுப்பு உள்வெப்பம் தோலை எட்டாமல் தடுப்பதால், அங்குள்ள தோல் எதிர்பார்ப்பதைவிட அதிகம் குளிர்கிறது.

கால்விரல் இடுக்கில் தோல் வெளுத்து ஊறினால் அது சேற்றுப்புண்; தொடை இடுக்கில் வட்டமாகப் பரவினால் படை. இவற்றுக்குக் காரணம் குளிரன்று, ஈரமும் பூஞ்சையும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும், ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் இரண்டு நாள் அரிப்பை அடக்கிவிட்டுப் படையைப் பரப்பிவிடுகின்றன. மாதக்கணக்கில் ஆறாத படையுடன் வருவோரிடம் இத்தகைய களிம்புக் குழாய் ஒன்று இருப்பது இன்று வழக்கமாகிவிட்டது.

பயணத்தின்போது

இறக்கம் தொடங்கும் முன் நின்று, வியர்த்த உள்சட்டையை மாற்றுவது எந்தக் களிம்பையும்விடப் பயனுள்ளது. மாற்றுச் சட்டை இல்லையெனில், மார்புக்கும் சட்டைக்கும் இடையே செய்தித்தாள் செருகிக்கொள்ளும் பழைய முறை இன்றும் நல்ல முறையே. பருத்தி நனைந்தால் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும்; கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு காக்கும். கம்பளிக் கையுறையின் மேல் நீர்புகாத உறை அணியுங்கள். பைக்குள் உலர்ந்த காலுறை ஒரு ஜோடி இருக்கட்டும். விரல் மரத்து, தடைக்கட்டையை அழுத்த முடியவில்லை என்று உணர்ந்தால் உடனே இறங்கி நடக்க வேண்டும்.

உடனடி உதவி எப்போது தேவை?

குளிர்பட்டபின் உதடு, நாக்கு, தொண்டை வீக்கம், மூச்சுத்திணறல், குரல் மாற்றம், தலைசுற்றல், மயக்கம் ஆகியவற்றில் எது ஏற்பட்டாலும் 108ஐ அழையுங்கள். மயக்கமுள்ளவரை உலர்ந்த துணியால் போர்த்தி, கால்களை உயர்த்திப் படுக்கவையுங்கள். மூச்சுத்திணறல் இருந்தால் சாய்ந்து அமரச் செய்யுங்கள். இந்நிலைக்கு உரிய மருந்து அட்ரினலின் ஊசி. அரிப்பு மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது போதாது.

குளிர் காணாக்கடி உள்ளவர், வேறு எந்த நோய்க்காக அறுவை சிகிச்சைக்குச் சென்றாலும் அதை மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். அறுவை அரங்கின் குளிரும், நரம்பு வழியே ஏற்றும் குளிர்ந்த திரவமும் அதே எதிர்வினையைத் தூண்டக்கூடும்; தெரிந்திருந்தால் அரங்கையும் திரவத்தையும் வெதுவெதுப்பாக வைத்துக்கொள்வர்.