செல்வம், மணவாழ்க்கை, நீதி: ‘ரிவர்சல் ஆஃப் பார்ச்சூன்’ திரைப்படமும் வான் பியூலோ வழக்கும்

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில் 1982 முதல் 1985 வரை நடைபெற்ற கிளவுஸ் வான் பியூலோ வழக்கையும், அதனை அடிப்படையாகக் கொண்டு 1990இல் வெளிவந்த ‘ரிவர்சல் ஆஃப் பார்ச்சூன்’ திரைப்படத்தையும் இக்கட்டுரை ஒருங்குவைத்து ஆராய்கிறது. செல்வர் ஒருவர் பணபலத்தால் விடுதலை பெற்றார் என்பதே இவ்வழக்கு குறித்த பொதுக்கருத்து. எனினும், குற்றச்சாட்டு உருவானதிலும் செல்வத்துக்கு இணையான பங்கு இருந்தது என்பதை இக்கட்டுரை நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: நீதிமன்றத் திரைப்படம், மேட்டுக்குடி, உயில், மேல்முறையீடு, தனியார் புலனாய்வு

முன்னுரை

சன்னி வான் பியூலோ எரிவாயு, மின்சாரத் தொழிலதிபர் ஒருவரின் ஒரே மகள். தந்தைவழிச் சொத்துக்குச் சிறுவயதிலேயே உரியவரானவர். ஆஸ்திரிய இளவரசர் ஒருவருடனான முதல் மணம் முறிந்தபின், 1966இல் கிளவுஸை மணந்தார். 1979 டிசம்பரில் நினைவிழந்து மீண்ட சன்னி, 1980 டிசம்பர் 21 அன்று நியூபோர்ட் நகரிலுள்ள கிளாரண்டன் கோர்ட் மாளிகையில் மீண்டும் நினைவிழந்தார். 2008இல் இறக்கும்வரை அவருக்கு நினைவு திரும்பவில்லை. இன்சுலின் செலுத்தி மனைவியைக் கொல்ல இருமுறை முயன்றதாகக் கிளவுஸ்மீது வழக்குத் தொடரப்பட்டது.

மணமும் சொத்தும்

வழக்கறிஞர் பட்டம் பெற்ற கிளவுஸ், மணத்துக்கு முன்னர் எண்ணெய்த் தொழிலதிபர் ஜே. பால் கெட்டியிடம் பணியாற்றியவர். மணத்துக்குப்பின் மனைவியின் செல்வமே குடும்பத்தின் நிலைக்களன் ஆயிற்று. கணவன் ஈட்ட, மனைவி சார்ந்திருக்கும் வழக்கமான அமைப்பு இங்குத் தலைகீழானது. மணமுறிவு ஏற்பட்டால் அவர் இழப்பது மிகுதி. மனைவி இறந்தால் உயிலின்படி அவருக்குக் கிடைக்கக்கூடியது ஏறத்தாழ 1.4 கோடி டாலர். இவ்வேறுபாட்டையும் அவருக்கிருந்த வேறொரு பெண்ணின் தொடர்பையும் அரசுத் தரப்பு குற்றநோக்கமாக முன்வைத்தது. அன்பின் உறவாகக் கருதப்பட்ட மணவாழ்க்கை, நீதிமன்றத்தில் உயிலின் வழியாகவே வாசிக்கப்பட்டது.

குற்றச்சாட்டின் உருவாக்கம்

காவல்துறைக்கு முன்னரே இவ்வழக்கை விசாரித்தவர்கள் சன்னியின் முதல் மணத்துப் பிள்ளைகள். அவர்கள் மன்ஹாட்டனின் முன்னாள் மாவட்ட அரசு வழக்கறிஞரான ரிச்சர்டு கூ என்பவரை அமர்த்தினர். மாளிகையின் அலமாரியைத் திறந்து மருந்துகள் இருந்த கறுப்புப் பையைக் கைப்பற்றினர். அவற்றுள் சிலவற்றைத் தனியார் ஆய்வகத்தில் சோதித்தபின் அரசிடம் ஒப்படைத்தனர். 1982இல் ஜூரிகள் கிளவுஸைக் குற்றவாளி எனத் தீர்மானித்தனர். 30 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

ஹார்வர்டு சட்டப் பேராசிரியர் ஆலன் டெர்ஷோவிட்ஸ் மேல்முறையீட்டை நடத்தினார். 1984இல் மாநில உச்ச நீதிமன்றம் இரு காரணங்களால் தீர்ப்பை நீக்கியது. முதலாவது, கூ எழுதிய விசாரணைக் குறிப்புகள் எதிர்த்தரப்புக்குத் தரப்படவில்லை. வேண்டிய செய்திகளை மட்டும் அரசுக்கு அளித்துவிட்டு, எஞ்சியவற்றை வழக்கறிஞர்–கட்சிக்காரர் இரகசியம் என்று மறைக்க இயலாது என நீதிமன்றம் கருதியது. இரண்டாவது, குடும்பத்தினர் செய்த சோதனையின் எல்லையைக் கடந்து, நீதிமன்ற ஆணையின்றி அரசு மருந்துகளை ஆய்வுக்கு உட்படுத்தியிருந்தது. இவ்விரு குறைகளும் ஒரே வேரிலிருந்து எழுந்தவை. பணம் கொடுத்து நடத்தப்பட்ட தனியார் புலனாய்வு, அரசுக்கும் சான்றுக்கும் இடையே நின்றது.

1985இல் நடைபெற்ற இரண்டாம் விசாரணையில், சொத்துப் பற்றிய வங்கியாளரின் சாட்சியத்தை நீதிபதி அனுமதிக்கவில்லை. நினைவிழப்புக்கு இன்சுலினே காரணம் என்பதை எதிர்த்தரப்பு மருத்துவ வல்லுநர்கள் மறுத்தனர். அவ்வாண்டு ஜூன் 10 அன்று கிளவுஸ் விடுவிக்கப்பட்டார்.

திரைப்படத்தின் நோக்கு

பார்பெட் ஷ்ரோடர் இயக்கிய இப்படம் டெர்ஷோவிட்ஸ் 1985இல் எழுதிய நூலைத் தழுவியது. கிளவுஸாக நடித்த ஜெரமி அயன்ஸ் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் விருது பெற்றார். தலைப்பே இருபொருள் தருவது. ‘பார்ச்சூன்’ என்பது செல்வத்தையும் ஊழையும் குறிக்கும். ‘ரிவர்சல்’ என்பது நிலைமாற்றத்தையும், மேல்நீதிமன்றம் தீர்ப்பை மாற்றுவதையும் குறிக்கும்.

நீதிமன்றத்தில் பேச இயலாத சன்னியின் குரலே படத்தில் கதையை உரைக்கிறது. நினைவிழந்து கிடக்கும் அவர் வினாக்களை எழுப்புகிறாரேயன்றி விடையளிப்பதில்லை. அன்றிரவு நிகழ்ந்திருக்கக்கூடியவை ஒன்றுக்கொன்று மாறுபட்ட காட்சிகளாக அமைகின்றன. அவற்றுள் எதனையும் இயக்குநர் உண்மையென முடிவு செய்வதில்லை. நீதிமன்றத் திரைப்படங்களில் உச்சமாக அமையும் விசாரணைக் காட்சிக்கு இங்கு முதன்மையில்லை. மேல்முறையீட்டுக்கான உழைப்பே கதையின் மையம். செல்வர்கள் தனியாகப் புலனாய்ந்து, தாம் விரும்பிய சான்றை மட்டும் அரசுக்கு அளிக்கும் நிலை குறித்த அச்சமே, டெர்ஷோவிட்ஸ் வழக்கை ஏற்பதற்கான நியாயமாகப் படத்தில் முன்வைக்கப்படுகிறது. மரணதண்டனை பெற்ற ஏழைச் சகோதரர் இருவரின் வழக்கையும் அவர் நடத்துவதாகக் காட்டப்படுவது இந்நியாயத்துக்கு வலுச்சேர்க்கிறது. ஆயினும் அவ்வழக்கு கதையின் ஓரத்திலேயே நின்றுவிடுகிறது. ஏழையின் உரிமையைப் பேசவும் செல்வரின் வழக்கு தேவைப்படுகிறது என்னும் முரண் இதனால் வெளிப்படுகிறது.

முடிவுரை

வழக்கின் இறுதிக் கட்டம் உரிமையியல் நீதிமன்றத்தைச் சார்ந்தது. சன்னியின் பிள்ளைகள் தொடுத்த இழப்பீட்டு வழக்கு 1987இல் உடன்பாட்டில் முடிந்தது. கிளவுஸ் மனைவியின் சொத்தில் உரிமை கோருவதைக் கைவிட்டு மணமுறிவுக்கு இசைந்தார். தந்தையின் பக்கம் நின்றதால் பாட்டியின் உயிலிலிருந்து நீக்கப்பட்டிருந்த அவர்தம் மகளுக்குப் பங்கு மீண்டது. குற்றவியல் நீதிமன்றத்தால் குற்றத்தை நிறுவ இயலவில்லை. சொத்துத் தகராறோ தீர்ந்தது. குற்றம் சாட்டவும் அதனை மறுக்கவும் செல்வம் பயன்பட்ட இவ்வழக்கில், மேல்முறையீட்டுத் தீர்ப்பு வகுத்த நெறி மட்டுமே இருதரப்புச் செல்வத்தையும் கடந்து நிற்கிறது. மறைக்கப்பட்ட சான்றைக் காணும் உரிமை குற்றம் சாட்டப்பட்ட எவருக்கும் பொது. அவ்வுரிமையைக் கேட்டுப் பெறும் பொருள்வலிமைதான் எவருக்கும் பொதுவாக இல்லை.