வீடு கோந்த்வாவில், எம்.எல்.ஏ. ஹடப்சருக்கு, எம்.பி. ஷிரூருக்கு: உங்கள் பிரதிநிதி யார்?

புனேவில் வேலை, கோந்த்வாவில் வாடகை வீடு. ரோட்டில் பள்ளம், குழாயில் தண்ணீர் இல்லை. யாரைக் கேட்பது? 'புனே எம்.பி.'யை என்று நினைத்தால், அவர் உங்கள் எம்.பி.யே இல்லை. ஒரே பகுதி, மூன்று அடுக்குப் பிரதிநிதிகள். எளிமையாகப் பார்ப்போம்.

கோந்த்வா எந்தத் தொகுதி?

கோந்த்வா குர்த், கோந்த்வா புத்ருக் என்று இரண்டு பெயர்களைப் பார்த்திருப்பீர்கள். குர்த் என்றால் சின்னது, புத்ருக் என்றால் பெரியது. நம்ம ஊர் சின்னப்பட்டி, பெரியபட்டி மாதிரிதான். இவை இருப்பது மகாராஷ்டிரத்தின் 288 சட்டமன்றத் தொகுதிகளில் 213-ஆவதான ஹடப்சரில். ஐ.டி. ஊழியர்களுக்குப் பழக்கமான மகர்பட்டாவும் இதே தொகுதிதான். 2008 மறுசீரமைப்பில் வரைந்த எல்லைகளின்படி 2009 முதல் இங்கே தேர்தல் நடக்கிறது.

இதுவரை வென்றவர்கள் யார்?

2009: மகாதேவ் பாபர், சிவசேனா.

2014: யோகேஷ் திலேகர், பாஜக. அந்த வருடம் பாஜக, சிவசேனா, காங்கிரஸ், தேசியவாத காங்கிரஸ் நான்கும் தனித்தனியாக நின்றன. வித்தியாசம் 30,000-க்கும் மேல்.

2019: சேத்தன் துபே, தேசியவாத காங்கிரஸ். திலேகரைத் தோற்கடித்தார். வித்தியாசம் வெறும் 2,820 வாக்குகள். மூன்றாவதாக வந்த மகாராஷ்டிர நவநிர்மாண் சேனையின் வசந்த் மோரே வாங்கியதோ 30,000-க்கும் அதிகம்.

2024: மீண்டும் சேத்தன் துபே. ஆனால் 2023-ல் கட்சி இரண்டாக உடைந்திருந்தது. கடிகாரச் சின்னத்தில் அஜித் பவார் அணிக்காக துபே நின்றார். சரத் பவார் அணிக்காக முன்னாள் மேயர் பிரசாந்த் ஜக்தாப். வித்தியாசம் 7,122.

முதல் மூன்று தேர்தலில் மூன்று கட்சிகள். நான்காவது முறைதான் ஒருவர் தொகுதியைத் தக்கவைத்தார், அதுவும் பாதிக் கட்சியோடு. இது யாருடைய கோட்டையும் இல்லை. சில பெரிய ஹவுசிங் சொசைட்டிகளின் ஓட்டு சேர்ந்தாலே 2019 முடிவு மாறியிருக்கும்.

அப்போ எம்.பி. யார்?

இங்கேதான் குழப்பம். ஹடப்சர், புனே மக்களவைத் தொகுதியில் இல்லை, ஷிரூரில் இருக்கிறது. ஜுன்னர், அம்பேகாவ், கேட் ஆளந்தி, ஷிரூர், போசரி ஆகியவை மற்ற ஐந்து சட்டமன்றத் தொகுதிகள். சிவாஜி பிறந்த சிவ்னேரி கோட்டை இருக்கும் ஜுன்னர் விவசாயிக்கும், கோந்த்வா அடுக்குமாடியில் இருக்கும் உங்களுக்கும் ஒரே எம்.பி. அவருக்கு வெங்காய விலையும் கவலை, உங்கள் டிராஃபிக்கும் கவலை.

2009, 2014-ல் சிவசேனாவின் சிவாஜிராவ் ஆடல்ராவ் பாட்டீல் வென்றார். 2019-ல் தேசியவாத காங்கிரஸின் அமோல் கோல்ஹே அவரைத் தோற்கடித்தார். சின்னத்திரையில் சம்பாஜி மகாராஜாவாக நடித்தவர் இவர். 2024-லும் அதே இருவர் மோதினர். கோல்ஹே சரத் பவார் அணியில், பாட்டீல் அஜித் பவார் அணியில். மறுபடியும் கோல்ஹேதான்.

பக்கத்திலேயே இருக்கும் புனே கன்டோன்மென்ட் தொகுதியோ புனே மக்களவைக்குள் வருகிறது. நண்பர் வீடு கொஞ்ச தூரம்தான் என்றாலும் எம்.எல்.ஏ., எம்.பி. இருவருமே வேறாக இருக்கலாம்.

எதற்கு யாரிடம் போவது?

குப்பை, தண்ணீர், உள்ளூர் சாலை என்றால் முதலில் மாநகராட்சி. அங்கே உங்கள் ஆள் கவுன்சிலர், மராத்தியில் நகர்சேவக். ஒரு வார்டுக்குப் பெரும்பாலும் நான்கு பேர். 2022 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்த பிறகு, 2026 ஜனவரியில் தேர்தல் நடக்கும்வரை புனேவில் கவுன்சிலர்களே இல்லை. மாநகராட்சி ஆணையரே நிர்வாகி.

சில வேலைகள் ஒருவரோடு முடியாது. காத்ரஜ்-கோந்த்வா சாலை நல்ல உதாரணம். 84 மீட்டர் அகலத்துக்குத் திட்டமிட்டார்கள். நிலம் கையகப்படுத்த முடியாமல் இழுத்து, 50 மீட்டராகக் குறைத்தார்கள். வேலை மாநகராட்சியுடையது என்றாலும் மாநில அரசின் நிதி தேவைப்படும் இடத்தில் எம்.எல்.ஏ.வின் குரல் முக்கியம்.

உங்க ஓட்டு எங்கே இருக்கு?

மதுரையிலோ கோவையிலோ பெயர் இருக்க, இங்கேயும் ஒன்று சேர்த்துக்கொள்ளலாமா? கூடாது. 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி ஒருவர் ஒரு தொகுதியில் மட்டுமே வாக்காளராக இருக்கலாம். பொய்யான தகவல் கொடுத்தால் ஓராண்டு வரை சிறை.

ஏற்கெனவே வாக்காளர் அட்டை இருந்தால், முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8. முதன்முறை பெயர் சேர்ப்பவர்களுக்குப் படிவம் 6. பலர் இந்த இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டு அலைகிறார்கள். வாடகை வீடு என்றால் பதிவு செய்த ஒப்பந்தம் முகவரிச் சான்றாகும். வீட்டு ஓனர் கையெழுத்துப் போட்ட வெறும் தாள் போதாது. ஊர்ப் பட்டியலில் இருந்து உங்கள் பெயர் போய்விடும் என்பதால், எங்கே ஓட்டு வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

மாநகராட்சித் தேர்தலுக்கும் சட்டமன்ற வாக்காளர் பட்டியல்தான் அடிப்படை. ஒருமுறை சரியாகச் சேர்த்தால் கவுன்சிலர், எம்.எல்.ஏ., எம்.பி. மூவரையும் தேர்ந்தெடுக்கலாம். சேர்க்காவிட்டால், பள்ளத்தில் வண்டி இறங்கும்போது திட்டலாம். ஓட்டு கேட்டு உங்கள் கதவைத் தட்ட மட்டும் யாருக்கும் அவசியம் இருக்காது.